பட்டுக்குத் தூள் ஆகாது

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி
12.05.2024

அன்புள்ள மச்சாள் ஸ்ரெலாவுக்கு,

மடு மாதாவின்ர காவலில நானும் நிஷானியும் சுகமாய் இருக்கிறம். உன்ர முழங்கால் எப்பிடி? கிரெய்கிபர்ன் பக்கம் இப்பவே குளிர் துவங்கியிருக்கும். சொக்ஸ் போடாமல் கராச்சுக்குள்ள திரியாதை. கடிதம் எழுதிக் கனகாலம் எண்டு ஏசவும் வேண்டாம். போனில கதைச்சால் கொட்பிறியின்ர பேர் வாயில வந்த உடனை இரண்டு பேரும் மூக்கைச் சிந்திறதோட சரி, ஒரு அலுவலும் கதைச்சு முடியிறேல்லை. உன்ர அண்ணர் செத்துப்போய் இரண்டு வருசமாகியும் எங்கட மூக்கு நிக்கேல்லை. இப்ப எனக்கு ஒரு பெரிய அலுவல் இருக்கு.

நிஷானிக்குச் சரிவந்திட்டுது! பெடியன்ர பேர் எறிக். பிசியோ வேலை. தாய் மாக்கிறற் பேசாலைப் பக்கம், கொஞ்சம் ராங்கி, ஆனால் நல்ல குடும்பம். கலியாணம் நவம்பர் பதினாறு.

இனித்தான் விசயம். கோயிலுக்குப் புதுச் சீலை வேண்டாமாம். "அம்மா, உங்கட வெடிங் சீலையைத்தான் உடுத்தப்போறன்" எண்டு நிக்கிறாள். எனக்குச் சந்தோசத்தில அழுகை வந்திட்டுது. ஓடிப்போய்ச் சூட்கேசை இறக்கித் திறந்தால், ஐயோ ஸ்ரெலா, வெள்ளைப் பட்டு பழைய பேப்பர் மாதிரி மஞ்சளாய்க் கிடக்குது. முன்னுக்கு மடிக்கிற கொய்யகப் பக்கம் உள்ளங்கை அளவில ஒரு மண்ணிறக் கறை. அது எப்பிடி வந்ததெண்டே தெரியேல்லை. பட்டின்ர மினுக்கமும் எப்பவோ போட்டுது. கொட்பிறி வைச்ச பூச்சி உருண்டைதான் காரணம் எண்டு அந்த மனிசனோட நான் எத்தினை தரம் சண்டை பிடிச்சனான், உனக்குத் தெரியும்தானே.

தலைமயிர் வெட்டுற மயூரா ஏதோ ஹைட்ரஜன் பெரொக்சைட் எண்டு சொல்லுறாள். சம்பந்தி, பிள்ளையளின்ர நப்பி ஊறப்போடுற ஒட்சிசன் தூள் போடச் சொல்லுறா. நிஷானி போனில தேடிப்போட்டு, இரண்டுக்குள்ளயும் பெரொக்சைட்தான் இருக்காம் எண்டாள். அப்ப இரண்டும் ஒண்டுதானே? ஆஸ்பத்திரி லோண்ட்றியில இருபத்தாறு வருசம் நிண்டவள் நீ. எது, எவ்வளவு, எவ்வளவு நேரம் எண்டு வடிவாய் எழுதிவிடு. ஒரே ஒருநாள் உடுத்த சீலை. அதுதான் மனம் கேக்குதில்லை.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு. பதிலைப் பாத்துக்கொண்டிருப்பன்.

உன் மச்சாள்,
சூசையம்மா


கிரெய்கிபர்ன், மெல்பேண்
25.05.2024

அன்பு மச்சாளுக்கு,

கடவுள் புண்ணியத்தில உயிரோட இருக்கிறன். முழங்காலும் இருக்குது, அதைவிட அதைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை. உங்கட பிறசர் எப்பிடி? மருமகளுக்கு என்ர ஆசீர்வாதம். அண்ணர் இருந்திருந்தால் இந்நேரம் பாண்ட் வாத்தியத்துக்குச் சொல்லியிருப்பார்.

இரண்டும் ஒண்டில்லை மச்சாள். ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், ஆனால் குணம் வேற. மயூரா சொல்லுற ஹைட்ரஜன் பெரொக்சைட் தண்ணி மாதிரி இருக்கும். தண்ணியோட ஒட்சிசன் ஒரு பங்கு கூட ஒட்டிக்கொண்டு நிக்குது. அது கழண்டு போகேக்கதான் கறையைப் பிடிச்சுத் தின்னும். வெளிச்சம் பட்டால் சும்மா கிடந்தே வீரியம் போயிடும், அதுதான் மண்ணிறப் போத்திலில விக்கிறது. பச்சைத் தண்ணியிலயும் வேலை செய்யும், ஆனால் ஆறுதலாய். ஆஸ்பத்திரியில இரத்தக் கறைக்கு நாங்கள் பாவிச்சது இதுதான். விட்ட உடனை பொங்கும்.

உங்கட சம்பந்தியின்ர தூள் சோடியம் பெர்காபனேற். அதே பெரொக்சைட்டைச் சலவைச் சோடாவோட சேத்துக் காயவைச்சதெண்டு நினையுங்கோ. பேணிக்குள்ள இருக்குமட்டும் சத்தமில்லை. சுடுதண்ணியில போட்டால்தான் எழும்பும். பருத்திக் கட்டில் சீற்றுக்கும் மேசைத் துணிக்கும் சேட் கொலருக்கும் அதைப்போல ஒண்டுமில்லை. கரைச்ச தண்ணியை இறுக்கி மூடி மட்டும் வைக்கக் கூடாது. எங்களோட வேலை செய்த கோயம்புத்தூர்ப் பழனிசாமி மிச்சத் தண்ணியைச் சோடாப் போத்திலில ஊத்தி மூடிவைக்க, அது வெடிச்சுச் சுவரெல்லாம் தெறிச்சுது. மனேஜர் வந்து கத்த, "ஆமா, நான்தான் மூடி வெச்சேன், வீணாப் போகக்கூடாதுன்னுதான்" எண்டு நிண்டான். அவனை நினைச்சால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.

ஆனால் தூளுக்குள்ள சோடா இருக்குதே, அது காரம். பருத்தி தாங்கும். பட்டும் கம்பளியும் தாங்காது. பட்டெண்டால் எங்கட தலைமயிர் மாதிரி ஒரு சாமான், காரம் அதைக் கரைக்கும். பட்டுக்குத் தூள் ஆகாது. உங்களுக்குச் சரி பெரொக்சைட்தான், அதுவும் நல்லாத் தண்ணி விட்டு.

பெரொக்சைட் எண்டு எழுதேக்க ஹோம்புஷ் தான் நினைவில வருது. அண்ணரோட நாங்கள் மூண்டு பேரும் அந்தச் சின்ன யூனிற்றுக்குள்ள, நானும் நீங்களும் மோட்டல் லோண்ட்றியில. யூலைக் குளிருக்கு ட்ரையரால எடுத்த சுடு சீற்றைத் தலையோட போத்திக்கொண்டு, மடிக்கிற மேசையில இருந்து ரொட்டி தின்னுவம். நீங்கள் தேவாரம் மாதிரி இழுத்து மாதா பாட்டுப் படிப்பியள். அப்ப எங்களிட்ட ஒண்டும் இருக்கேல்லை மச்சாள், ஆனால் எனக்கு அதைவிட நல்ல காலம் பிறகு வரவேயில்லை.

அளவு சொல்ல முதல் எனக்கு ஒண்டு தெரியவேணும். துணி எத்தினை தரம் உடுத்தது, எத்தினை தரம் தோய்ச்சது எண்டு தெரியாமல் மருந்து சொல்லக் கூடாது. நூல் ஏற்கெனவே நைஞ்சிருந்தால் அளவு மாறும். சரிகை இருக்கோ எண்டு கேக்கேல்லை, இல்லையெண்டு எனக்குத் தெரியும். மற்றதை நீங்கள் யோசிச்சு, உண்மையாய் எழுதுங்கோ.

அன்புடன்,
ஸ்ரெலா


குவேக்கர்ஸ் ஹில்
09.06.2024

அன்புள்ள ஸ்ரெலாவுக்கு,

அந்தோனியார் துணையில எல்லாரும் சுகம். பிறசர் நூற்றி நாற்பதில நிக்குது. கலியாண வீடெண்டால் அப்பிடித்தானே.

உன்ர கடிதத்தை நிஷானிக்கு வாசிச்சுக் காட்டினன். "மாமி சூப்பரா எக்ஸ்பிளெயின் பண்ணுறா, கெமிஸ்ற்றி ரீச்சராய் வந்திருக்கலாம்" எண்டாள். பழனிசாமியின்ர கதைக்கு விழுந்து விழுந்து சிரிச்சாள். சுடு சீற்றைப் பற்றி எழுதினதை எனக்கு வாசிக்க ஏலாமல் போச்சுது. அந்த யூனிற்றில ஒரு குசினி, ஒரு அலுமாரி, மூண்டு கதிரை. நாலாவது ஆள் வந்தால் கொட்பிறி வாளியைக் கவுட்டு வைச்சு இருப்பார்.

நீ கேட்டதுக்குப் பதில். எண்பத்தெட்டாம் ஆண்டு, என்ர கலியாணத்தண்டு ஒரே ஒரு தரம் உடுத்தது. பிறகு ஒருத்தரும் உடுத்தேல்லை, தோய்க்கவும் இல்லை. சம்பந்தியும் போன ஞாயிறு வந்து இதைத்தான் கேட்டவ. பழைய சீலையெண்டால் ஆர் ஆர் உடுத்ததெண்டு பாக்கவேணுமாம், வாழ்க்கை சரிவராத ஆக்கள் உடுத்ததெண்டால் பிள்ளைக்குக் கூடாதாம். நான் ஒருத்திதான் உடுத்தது, முப்பத்தி நாலு வருசம் சீவிச்சனான் எண்டு சொன்னன். அவவுக்குத் திருப்தி.

அப்ப அளவை எழுதிவிடு. காலம் ஓடுது.

உன் மச்சாள்,
சூசையம்மா


குவேக்கர்ஸ் ஹில்
21.07.2024

அன்புள்ள ஸ்ரெலாவுக்கு,

சுகமோ? ஆறு கிழமையாய் உன்ர கடிதத்தைக் காணேல்லை. தபால்பெட்டியைத் திறந்து திறந்து பாக்கிறன், பீட்சாக்காரன்ர நோட்டீசைத் தவிர ஒண்டுமில்லை. போன் எடுத்தால் நீ எடுக்கிறாயில்லை. வருத்தமாய்க் கிடக்கிறியோ எண்டு பயந்து உன்ர பக்கத்து வீட்டுச் சிறிதரன் தம்பியிட்டக் கேட்டன். "ஓம் அன்ரி, நேற்றும் கடையில கண்டனான், நல்லாத்தான் இருக்கிறா" எண்டார்.

நல்லாயிருந்தால் ஏன் எழுதாமல் இருக்கிறாய்? நான் ஏதும் பிழையாய் எழுதிப்போட்டனோ? பிளாக்ரவுணில ஹோல் எடுத்தாச்சுது. அழைப்புக் காட் அடிக்கக் குடுத்தாச்சுது. மாமியெண்டு இருக்கிறது நீ ஒருத்தி, நீ வராமல் ஒண்டும் நடக்காது.

சீலை கட்டிலில கிடக்குது. ஒவ்வொருநாளும் பாத்துப்போட்டுப் போறன்.

சூசையம்மா


குவேக்கர்ஸ் ஹில்
10.08.2024

ஸ்ரெலா,

சுகம் விசாரிக்கிற நிலையில நான் இல்லை. பெரிய பிழை விட்டுட்டன்.

நேற்று சம்பந்தி தூள் பேணியோட வந்திட்டா. "இன்னும் யோசிச்சுக்கொண்டிருக்கிறியளோ? ஒட்சிசன்தானே, காத்து மாதிரி, என்ன செய்யப்போகுது? என்ர மகளின்ர பட்டுக்கும் இதைத்தான் போட்டனான்" எண்டா. என்ர மச்சாள் ஆகாதெண்டு எழுதினவ எண்டு சொல்ல வாய் வந்தது. ஏன் பிறகு அவ அளவு எழுதேல்லை எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? வாளியை எடுத்துக் குடுத்தன். நல்ல காலம், முழுக்கப் போடாமல் உள்தலைப்பை மட்டும் சுடுதண்ணி வாளிக்குள்ள விட்டம். ஒரு மணித்தியாலம். எடுக்கேக்க வெள்ளையாய்த்தான் இருந்தது, சம்பந்தி என்னைப் பாத்துச் சிரிச்சா. கையில வழுக்கின மாதிரி இருந்தது, நான் கவனிக்கேல்லை.

காய்ஞ்ச பிறகு பாத்தால் பப்படம் மாதிரிக் கிடக்குது. விரலால இழுத்தன், ஸ்ரெலா, கிழிஞ்சுபோச்சுது. ஒன்றரை முழம். அவவின்ர மகளின்ர சீலை பொலியெஸ்ரர்ப் பட்டாம், பிறகுதான் மெல்லமாய்ச் சொல்லுறா!

நிஷானிக்கு இன்னும் சொல்லேல்லை. என்ன செய்யிறதெண்டு கெதியா எழுது. கோவமெண்டால் பிறகு கோவி.

சூசையம்மா


கிரெய்கிபர்ன்
15.08.2024

அன்பு மச்சாளுக்கு,

உங்கட கடிதம் கிடைச்ச உடனை போனில ஒரு வசனம் அனுப்பினனான்: பச்சைத் தண்ணியில பத்துத் தரம் அலம்புங்கோ. செய்திருப்பியள் எண்டு நம்புறன். நூலுக்குள்ள தூள் கிடந்தால் அது இன்னும் தின்னும். பத்துத் தரத்துக்குப் பிறகு, ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு ஒருக்கால் தோய்ச்செடுங்கோ. தூள் முழுக்கப் போன பிறகுதான் வினாகிரி, இரண்டையும் ஒண்டாய்க் கலக்கிறேல்லை. பழுதான துண்டை வெட்டிவிடுங்கோ. உள்ளுக்குச் செருகிற பக்கம்தானே, பிள்ளை மெல்லிசு, சீலை காணும்.

இனி நான் ஏன் எழுதேல்லை எண்டதைச் சொல்லுறன். கோவம்தான். நல்லாய்க் கோவம்.

அந்தச் சீலையை நான் உடுத்தனான், மச்சாள். 1993 ஜனவரி 23, சனிக்கிழமை. புதுச்சீலை வாங்க எங்களிட்ட வழியில்லை. நீங்கள்தான் சூட்கேசைத் திறந்து, "என்ர சீலை உனக்கில்லாமல் ஆருக்கு" எண்டு சொல்லித் தந்தனீங்கள். நீங்கள்தான் ஊசி குத்தினீங்கள். எனக்கு அந்த ஒருநாள்தான் மச்சாள் இருந்தது. பதினாலு மாசத்தில என்னைக் கட்டின மனிசன் கனடாவுக்குப் போறனெண்டு போனது, போனதுதான். அவர் போனது என்ர குற்றமில்லை. அதுக்குப் பிறகு என்ர கலியாணப் படத்தைச் சுவரால கழட்டினீங்கள். நிஷானி பிறந்து வளந்தாள், மாமி கலியாணம் கட்டேல்லை எண்டு அவளுக்குச் சொன்னீங்கள். நான் வாய் திறக்கேல்லை. இப்ப உங்கட கையெழுத்திலயே, "ஒருத்தரும் உடுத்தேல்லை" எண்டு எனக்கே எழுதுறியள். உண்மையாய் எழுதுங்கோ எண்டு நான் கேட்டது இதைத்தான்.

சம்பந்தியின்ர சகுனக் கணக்கும் எனக்கு விளங்கேல்லை. செத்துப்போன புருசன் நல்ல சகுனம், விட்டுட்டுப் போன புருசன் கெட்ட சகுனமோ?

கோவத்தைச் சொல்லிப்போட்டு என்ர களவை மறைச்சால் நான் மனிசியில்லை. அந்தக் கறை நான் ஊத்தின தேத்தண்ணி. காலமை துவங்கி ஒண்டும் சாப்பிடேல்லை, ஹோலில கோப்பையைத் தர கை தவறிப்போட்டுது. திங்கட்கிழமை வேலைக்கு வரேக்க சீலையைப் பையில கொண்டுவந்தனான். நீங்கள் அண்டைக்கு லீவு. மோட்டல் தூளைச் சுடுதண்ணியில கரைச்சு அரை மணித்தியாலம் ஊறப்போட்டன். சோடியம் பெர்காபனேற். அப்ப எனக்கு ஒரு இழவும் தெரியாது. கறை பாதிதான் போச்சுது, மினுக்கம் முழுக்கப் போச்சுது. மடிச்சு உங்கட சூட்கேசுக்குள்ள வைச்சிட்டன். பூச்சி உருண்டையெண்டு நீங்கள் அண்ணரை ஏசின ஒவ்வொரு தரமும் நான் பக்கத்தில நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டனான். அந்த மனிசன் ஒருநாளும் மறுத்துச் சொல்லேல்லை. அவருக்குத் தெரியுமோ எண்டு இப்ப யோசிக்கிறன், கேக்க ஆளில்லை.

எத்தினை தரம் உடுத்தது எண்டு நான் கேட்டது மருந்துக்காகவும்தான். மருந்துக்காக மட்டும் இல்லை.

உடம்பைக் கவனியுங்கோ.

ஸ்ரெலா


குவேக்கர்ஸ் ஹில்
08.09.2024

அன்புள்ள ஸ்ரெலாவுக்கு,

நீ சுகமாய் இருக்கவேணுமெண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான். உன்ர கடிதம் வந்து மூண்டு கிழமை. நாலு தரம் எழுதிக் கிழிச்சன்.

நீ சொன்னபடி அலம்பினன், துண்டை வெட்டினன். மிச்சம் பிழைச்சுது.

நான் பொய்தான் சொன்னனான். சம்பந்தி கேட்ட உடனை வாயில வந்திட்டுது. பிறகு உனக்கு எழுதேக்க, நிஷானி பக்கத்தில இருந்து "என்ன எழுதுறியள் அம்மா" எண்டு எட்டிப் பாத்துக்கொண்டிருந்தாள். அது சாட்டுத்தான், எனக்குத் தெரியும். தனிய இருந்தாலும் அப்பிடித்தான் எழுதியிருப்பன். கொட்பிறி உன்ர கலியாணப் படத்தைக் கழட்டினது உனக்கு நோகக்கூடாதெண்டு. நான் அந்த இடத்தில வேற படம் மாட்டினது ஊர்ச் சனம் வந்து கேக்கக்கூடாதெண்டு. உன்னைப் பற்றி நான் யோசிக்கேல்லை.

சீலையைத் தூளில போட்டதுக்கு உன்னோட கோவமில்லை எண்டு சொன்னால் அதுவும் பொய். இரண்டு நாள் நல்லாய் ஏசினன், தனிய நிண்டு. பிறகு கொட்பிறியின்ர படத்துக்கு முன்னால போய், "மனிசா, பூச்சி உருண்டையில்லையாம்" எண்டு சொன்னன். முப்பது வருச ஏச்சு, எப்பிடித் திருப்பி எடுக்கிறது? அழுது முடிய, நீ திங்கட்கிழமை காலமை புதுப்பொம்பிளை வாளிக்கு முன்னால குந்தியிருந்ததுதான் கண்ணுக்குள்ள நிண்டுது. எனக்குச் சொல்லியிருக்கலாமேடி.

நிஷானிக்கும் சம்பந்திக்கும் இன்னும் உண்மை சொல்லேல்லை. பயமாய்க் கிடக்கு.

சூசை


கிரெய்கிபர்ன்
20.09.2024

அன்பு மச்சாளுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்பிடியே இருக்கவேணும்.

அளவு இது. மருந்துக்கடையில மூண்டு வீதப் பெரொக்சைட் எண்டு கேளுங்கோ. மயூராவின்ர சலூன் போத்தில் வேண்டாம், அது பன்னிரண்டு வீதம் வரையும் இருக்கும், கையும் வெந்து சீலையும் போயிடும். நூல் ஏற்கெனவே ஒருக்கால் காரம் கண்டது, அதால வழமையைவிடக் குறைவாய், ஒரு கோப்பை மருந்துக்குப் பன்னிரண்டு கோப்பை பச்சைத் தண்ணி. பிளாஸ்ரிக் வாளி, இரும்பு தகரம் ஒண்டும் படக்கூடாது. கையுறை போடுங்கோ. சீலை முழுக்க நனைஞ்சு தாழவேணும், மிதக்கிற இடம் திட்டுத் திட்டாய் வரும். இருபது நிமிசம், ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கால் பாருங்கோ. அவசரப்பட்டு மருந்தைக் கூட்டாதேங்கோ. காணாட்டி அடுத்த கிழமை இன்னொருக்கால் செய்யலாம். நாலு தரம் அலம்பி, பிழியாமல், துவாயில சுத்தி ஒத்தி, நிழலில விரிச்சுப் போடுங்கோ. பால் வெள்ளை வராது. தந்த நிறம் வந்தால் நிப்பாட்டுங்கோ.

கலியாணத்துக்கு நான் வரேல்லை. "இந்தச் சீலையை வேற ஆரும் உடுத்தவையோ" எண்டு உங்கட சம்பந்தி என்னைப் பாத்துக் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன், உண்மை சொல்லி உங்களை வெக்கப்படுத்தவும் மாட்டன். பரிசு தபாலில வரும்.

ஸ்ரெலா


குவேக்கர்ஸ் ஹில்
13.10.2024

அன்புள்ள ஸ்ரெலாவுக்கு,

எல்லாரும் சுகம். இந்தக் கடிதத்தை நிண்டுகொண்டு வாசிக்காதை, கதிரையில இரு.

சீலை வந்திட்டுது! இரண்டு தரம் போட்டன், நீ சொன்ன அளவு, ஒரு துளி கூட்டேல்லை. குளியலறையில ஸ்ரூல் போட்டு இருந்து மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நானும் நிஷானியும். முதல்தரம் ஒண்டும் தெரியேல்லை. இரண்டாம்தரம் மஞ்சள் கழண்டு, நீ சொன்ன மாதிரித் தந்த நிறம். கறையும் மங்கிப்போட்டுது, கொய்யகத்துக்குள்ள மடிச்சால் தெரியாது.

அந்த இருபது நிமிசத்துக்குள்ளதான் அவளுக்குச் சொன்னன். எல்லாத்தையும். அவள் கையுறையோட என்ர பக்கம் திரும்பினாள். "அம்மா, மாமி மறீட்? ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை? எனக்கு முப்பது வயசு!" எண்டு கத்தினாள். பிறகு அழுதாள். என்னோட இரண்டு நாள் கதைக்கேல்லை. மூண்டாம்நாள் வந்து சொன்னாள், பொம்பிளை உடுத்த ஒழுங்கு செய்த ஆளை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாளாம். "நீங்களும் மாமியும்தான் எனக்கு உடுத்திவிடவேணும், மற்ற ஒருத்தரும் என்னைத் தொடக்கூடாது" எண்டாள். ஒரு விதவையும் புருசன் விட்டுட்டுப்போன ஒரு பொம்பிளையும் சேந்து கலியாணப் பொம்பிளைக்குச் சீலை உடுத்திறதெண்டால், எங்கட சனத்துக்கு எப்பிடியிருக்கும் எண்டு யோசி. "லெற் தெம் லுக்" எண்டாள்.

பிளேன் ரிக்கெற் அவள் போட்டாச்சுது, பதின்மூண்டாம் திகதி புதன்கிழமை. சம்பந்திக்கு நான் இன்னும் சொல்லேல்லை. ஆனால் நீ பொய் சொல்லத் தேவை வராது, ஸ்ரெலா. நீ வா.

சூசை


கிரெய்கிபர்ன்
02.12.2024

அன்பு மச்சாளுக்கு,

வீடு வந்து சேந்து இரண்டு கிழமை. கால் வீங்கினதுதான், ஆனால் சந்தோச வீக்கம். பிள்ளையள் ஹனிமூனால வந்திட்டினமோ? நீங்கள் தனிய இருந்து பழைய பாணைத் தின்னாமல் சமைச்சுச் சாப்பிடுங்கோ.

எயார்போட்டிலயே இதைச் சொல்ல நினைச்சனான், வாய் வரேல்லை. போனிலயும் வராது. அதால எழுதுறன்.

அண்டைக்குக் காலமை நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைக்குக் கொய்யகம் மடிச்சுக்கொண்டு நிக்க, உங்கட சம்பந்தி அறைக்குள்ள வந்தா. சீலையைத் தொட்டுப் பாத்தா. பிறகு என்னைப் பாத்து, "நீங்கள் கொஞ்சம் அங்கால நில்லுங்கோ, இந்தச் சீலையை உடுத்தவ உடுத்திவிடட்டும்" எண்டா. நான் கையை எடுத்திட்டன். பழக்கதோசம். முப்பது வருசமாய் ஆரும் அங்கால நில்லெண்டால் நான் நிண்டுவிடுவன்.

உங்கட வாய் நிறைய ஊசி. ஒவ்வொண்டாய் எடுத்து மேசையில வைச்சீங்கள். என்ன செய்யப்போறியள் எண்டு எனக்கு விளங்கேல்லை. "மாக்கிறற், நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். இந்தச் சீலையை எனக்குப் பிறகு இவ உடுத்தவ. தொண்ணூற்றி மூண்டில. நான்தான் உடுத்திவிட்டனான், வடிவாய் இருந்தவ" எண்டீங்கள். அவ்வளவுதான். அவ சீலையில இருந்த கையை எடுத்தா. கார் வந்திட்டுதெண்டு சொல்லிப்போட்டு வெளியில போனா. நீங்கள் என்ர கையைப் பிடிச்சுத் திரும்பக் கொய்யகத்தில வைச்சீங்கள்.

மச்சாள், நான் வீட்டுக்கு வந்தும் அதுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். என்னைத் தெரிஞ்ச சனம் எல்லாம் அவர் விட்டுட்டுப் போனதைத்தான் சொல்லுவினம். நான் ஒருநாள் பொம்பிளையாய் வெளிக்கிட்டு நிண்டதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானே மறந்துபோனன். என்ர முகம் அண்டைக்கு எப்பிடி இருந்ததெண்டு எனக்கு ஞாபகமில்லை, படமும் இல்லை. நீங்கள் சம்பந்தியின்ர வாயை அடைக்கச் சொன்னீங்களோ, உண்மையாய்ச் சொன்னீங்களோ எண்டு எனக்குத் தெரியவேணும். அறுபத்திரண்டு வயசில கேக்கிற கேள்வியில்லை, ஆனால் கேக்கிறன். நான் அண்டைக்கு வடிவாய் இருந்தனானோ?

ஸ்ரெலா


குவேக்கர்ஸ் ஹில்
06.12.2024

ஸ்ரெலா,

ஓம்.

என்னைவிட.

சூசை